நம்பர் சாரைக் கழற்றுவதற்கான நடைமுறை

விமானத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷமாக வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "இறக்கை செய்வீங்களா, இன்ஜினா?" என்பார்கள். நம்பர் சார் இரண்டையும் செய்ததில்லை. எந்த இறக்கை எந்தக் கூடத்தில் இருக்கிறது, அதில் அடித்த ஆணி எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, அந்தப் பெட்டியைத் திறந்தவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்றெல்லாம் பதிந்து வைக்கும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் மேலாளர். அதைச் சொன்னதும் கேட்டவர்கள் மறுபடியும் சாய்ந்துகொள்வார்கள்.

எதைப் பற்றிப் பேச வந்தாலும் "நம்பர் என்ன?" என்று கேட்பதால் அவருக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். ஆறாயிரம் ஊழியர்களின் விவரங்களைப் பதிய ஒரு புரோகிராம் வாங்க வேண்டும் என்று மேலிடத்தில் போய்க் கேட்டார். அப்போதைய பொது மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆளுங்களுக்குன்னு தனியா ஒண்ணா? பாகங்களுக்குத்தான் ஒரு புரோகிராம் வெச்சிருக்கீங்களே, அதுலயே போட்டுடுங்க. ஆளும் ஒரு பாகம்தானே!" என்றார். நம்பர் சார் மூன்றே வாரத்தில் போட்டுவிட்டார். திருகாணிகளுக்கும் டயர்களுக்கும் நடுவில் ஆறாயிரம் மனிதர்கள் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்துக் கைதட்டினார்கள்.

விமானத்தில் ஒரு விதி உண்டு. சமமான மாற்றுப் பாகம் கையில் தயாராக இல்லாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. நல்ல விதிதான். ஆகாயத்தில் பறக்கும்போது 'அடடா, ஒன்று குறைகிறதே' என்று தலையைச் சொறிய முடியாது. இந்த விதியை யாரும் மீற முடியாதபடி புரோகிராமில் எழுதிப் பூட்டியவரும் நம்பர் சார்தான். அறுபது வயது ஆனவர்கள் 'ஆயுள் முடிந்த பாகம்' என்று தாமாகக் கழன்றுகொண்டார்கள். இடையில் போகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு பிட்டர் போனால் இன்னொரு பிட்டர். ஒரு வெல்டர் போனால் இன்னொரு வெல்டர். நம்பர் சார் மாதிரி மட்டும் தொழிற்சாலையில் இன்னொருவர் இல்லை. அந்தப் பெருமையில்தான் அவர் அவ்வளவு வருஷமும் மிதந்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயதானபோது அவர் மனைவிக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தெருவில் பாதிப் பேருடைய அளவு அவள் தலைக்குள் இருந்தது. ஒருநாள் ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எது கழுத்து, எது கை என்று தெரியாமல் சாயங்காலம் வரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரவைத்து இவரிடம் சொன்னார்.

"வேகமா போய்க்கிட்டிருக்கு. உங்களை இன்னார்னு தெரியறது இன்னும் ஆறு மாசம். மிஞ்சிப்போனா எட்டு மாசம். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது."

மூடிய கதவுக்கு வெளியே இருந்தாலும் அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு ஆறு மாசம் ஆபீஸை விட்டு வந்துடுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்களை நான் எதுவும் கேட்டதில்லை. எனக்கு ஞாபகம் இருக்கறப்பவே உங்களோட உக்காந்து பேசணும்."

"நாளைக்கே கேக்கறேன்," என்றார் அவர். சொன்னபடி மறுநாளே கேட்கவும் செய்தார்.

மனிதவள அதிகாரி அவரைவிட இருபது வயது இளையவள். மரியாதை தெரிந்தவள். விண்ணப்பத்தைப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'மாற்றுப் பாக எண்ணைக் குறிப்பிடவும்.'

"சார், உங்களுக்கு மாற்று யாரு?"

"யாரும் இல்லம்மா."

"அப்போ கழற்ற முடியாதே சார்."

"லீவாவது கொடும்மா. நானூறு நாள் சேர்ந்து கிடக்கு."

"ஒரு வாரம்னா பராமரிப்புன்னு போட்டுக் கொடுத்துடலாம். அதுக்கு மேல போனா தற்காலிகக் கழற்றல். அதுக்கும் மாற்று கேக்கும்."

"சரி, ராஜினாமா பண்ணிடறேன்."

அவள் பதறிவிட்டாள். "வேணாம் சார்! ராஜினாமா பண்ணினா நீங்க பழுதான பாகம் ஆயிடுவீங்க. பழுதான பாகம் சம்பந்தப்பட்ட விமானம் எல்லாத்தையும் தரையிறக்கி விசாரிக்கணும். உங்க நம்பர் நூத்திப் பன்னெண்டு விமானத்தோட பேப்பர்ல இருக்கு."

"நான் ஒரு விமானத்தைக்கூடத் தொட்டதில்லையேம்மா!"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புரோகிராமுக்குத் தெரியாதே சார்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்க வேதனை நிர்வாகத்துக்கு நல்லாவே புரியுது. புரிஞ்சுக்கறதுக்குன்னே ஒரு படிவம் இருக்கு. அதைத் தனியா பூர்த்தி பண்ணிக் கொடுத்துடுங்க."

பூர்த்தி செய்து கொடுத்தார். நிர்வாகம் புரிந்துகொண்டதற்கு அத்தாட்சியாக ஒரு ரசீது வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "இன்னிக்கு விட்டாங்களா?"

"விட்டுடுவாங்க. ஒரு சின்னச் சிக்கல்தான்."

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து இருந்தாள். நம்பர் சாரின் மச்சினி மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் ரகம். "அத்தான், அந்த விதியை எழுதினதே நீங்கதானே? ஒரு வரிதானே? போய் அழிச்சிட்டு வாங்க," என்றாள்.

அவரால் முடியும். அந்தப் பூட்டின் சாவி உலகத்திலேயே அவர் ஒருவரிடம்தான் இருந்தது. மறுநாள் அந்த வரியைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஆனால் நம்பர் சாரையும் வால் பகுதியில் இருக்கும் போல்ட்டையும் காவல் காத்தது அதே வரி. அவருக்காக அதைத் தளர்த்தினால் போல்ட்டுக்கும் தளரும். என்றைக்கோ ஒருநாள், யாரோ ஒருவர், அவசரத்தில் ஒரு போல்ட்டைப் போடாமல் விடுவார். மேலே முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கையை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். என்ன செய்வது, மனிதர் அப்படி.

சரி, முறைப்படியே போவோம் என்று தன் உதவியாளரை மாற்றாகக் காட்டினார். பதினெட்டு வருஷ அனுபவம் உள்ள கெட்டிக்காரப் பெண்மணி அவர். தர ஆய்வாளர் வந்தார். முப்பது வருஷமாக ஆணிகளையே பார்த்துப் பழகிய அவருடைய கண், மனிதர்களைப் பார்க்கும்போதும் கூராகத்தான் இருந்தது.

"முதல்ல அதிர்வுச் சோதனை சார்."

"இவங்க மனுஷிங்க!"

"பாகம்னா அதிர்வுச் சோதனை உண்டு. மனுஷிக்கு விலக்குன்னு எங்கயும் எழுதலையே. நீங்கதானே எழுதினீங்க?"

உதவியாளரின் நாற்காலியை ரிவெட் அடிக்கும் கூடத்தில் நான்கு நாள் போட்டார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். பிறகு வெப்பச் சோதனை என்று ஏ.சி.யை மூன்று நாள் அணைத்து வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறினார். டீ கப்பைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கி டீ தட்டில் கொட்டியது. தேர்ச்சிச் சான்றிதழ் தொண்ணூறு நாளுக்குச் செல்லும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பரிசீலிக்கும் குழு தொண்ணூற்றிரண்டாம் நாள் கூடியது. சான்றிதழ் காலாவதி என்று தள்ளுபடி செய்தது. செல்லுபடியாக இருந்தாலும் பயன் இல்லை என்று தர ஆய்வாளர் ஆறுதல் சொன்னார். முப்பத்து நாலு வருஷம் ஓடிய பாகத்துக்குப் பதினெட்டு வருஷம் ஓடிய பாகம் எப்படிச் சமமாகும்? பதினேழு வருஷக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டி ஒரு பாகமாகக் காட்டலாமா என்றும் யோசித்தார்கள். எதால் கட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு வந்து கூட்டம் கலைந்தது.

நான்காவது மாதம் மனைவி தன் தங்கையை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். தைக்கும் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். ஆனால் சாயங்காலம் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் சரியாகக் கேட்டாள். "ஏங்க, இன்னிக்கு விட்டாங்களா?"

அடுத்த வழி, விதியையே மாற்றக் கோருவது. அதற்கு மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்-செயலர் நம்பர் சார்தான். சொந்த விஷயம் விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் அறைக்குள் இருக்கக் கூடாது. செயலர் குறிப்பெடுக்காவிட்டால் கூட்டமே செல்லாது. இரண்டு விதியும் அவர் எழுதியவைதான். தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் ஒரு வழி கண்டார்கள். நம்பர் சாருக்கு வராந்தாவில் நாற்காலி போட்டு, கதவைச் சாத்திவிட்டார்கள். காதில் விழக் கூடாத கூட்டத்துக்கு அவர் வெளியில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபோது 'விரிவாக' என்று சேர்த்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. விஷயம் முக்கியமானது என்பதால் அடுத்த காலாண்டுக்கு ஒத்திவைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள், மனைவி விடியும்போதே தெளிவாக எழுந்தாள். அவரைப் பார்த்து, "என்னங்க, தலை இவ்வளவு நரைச்சுப்போச்சு?" என்றாள். தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மிஷின்மேல் இருந்த துணியை எடுத்துவிட்டுச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நம்பர் சார் கிளம்பத் தயாராக மாட்டியிருந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனது ஆகட்டும் என்று ஆபீசுக்குப் போகவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் சொல்லாமல் நின்றது அன்று ஒருநாள்தான்.

இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினார்கள். கல்யாணமான புதிதில் அவள் அவருக்குத் தைத்த முதல் சட்டைக்கு ஒரு கை நீளமாகப் போய்விட்டதாம். அதை அவர் ஒரு வருஷம் வாய் திறக்காமல் போட்டுக்கொண்டு போனாராம்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் கவனிக்கவே இல்லை."

"பொய். ஒரு கையை மட்டும் மடிச்சு விட்டுக்கிட்டுப் போவீங்க. நான் பாத்தேன். ரூமுக்குள்ள போய் அழுதேன்."

"எதுக்கு அழுதே?"

"அது சந்தோஷத்துல." அவள் சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா வெச்சிருக்கேன். இன்னிக்காவது சொல்லிடறேன். இல்லேன்னா இதுவும் போயிடும்," என்றாள்.

அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

நடந்தது இதுதான். காலை எட்டரைக்கு அவர் வருகை பதியவில்லை. தொழிற்சாலையில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனாலும் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். விமானத்துக்குள் விழுந்து கிடந்தால் என்ன ஆவது? புரோகிராம் தன் கடமையைச் செய்தது. 'பாகம் காணவில்லை' என்று சைரன் ஊதியது. ஆறாயிரம் பேரும் டார்ச் விளக்கோடு மண்டியிட்டு, மிஷின்களுக்கு அடியிலும் எரிபொருள் தொட்டிகளுக்குள்ளும் நம்பர் சாரைத் தேடினார்கள். அவர் வீட்டு போன் நம்பர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காணாமல் போன பாகத்துக்கு போன் போட்டுப் பார்ப்பது நடைமுறையில் இல்லை. கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து தொடங்கி வெளிப்புறமாகத் தேடிக்கொண்டே வர வேண்டும். அப்படித் தேடிக்கொண்டு வந்ததில் மதியம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு காவலர்கள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க சார். வாங்க போகலாம்."

"நான் இங்க இருக்கேன்னு போய்ச் சொல்லிடுங்கப்பா."

"சொன்னா போதாதாம் சார். பாகத்தை அதே இடத்துல கொண்டுபோய் வெச்சு, கண்ணால பாத்து மூணு பேர் கையெழுத்துப் போட்டாதான் சைரன் நிக்குமாம். பாவம், எல்லாரும் முட்டி போட்டுக்கிட்டு இருக்காங்க."

'கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதிய சிவப்பு அட்டையை அவர் சட்டைப் பித்தானில் கட்டினார்கள். மனைவி அந்த அட்டையை விநோதமாகப் பார்த்தாள். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன், அதைச் சொல்லிடு," என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்துப் போட வேண்டிய மூன்றாவது ஆள் பரண்மேல் ஏறி அவரைத் தேடிக்கொண்டிருந்தார். அவரை இறக்குவதற்குள் நாலரை மணி ஆகிவிட்டது.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். "என்னமோ சொல்லணும்னியே, சொல்லு," என்றார்.

"எதைங்க?" என்று அவள் கேட்டாள்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பத்தாவது மாதம் வழி பிறந்தது. பழைய வடிவமைப்பில் இருந்த பாகம், இனித் தேவையே இல்லை என்று சான்று பெற்றால், மாற்று இல்லாமலே கழற்றலாம் என்று ஒரு துணைவிதியை மனிதவள அதிகாரி தோண்டி எடுத்தாள். குழு அவசரமாகக் கூடி, ஒரே மூச்சில் சான்று கொடுத்தது. அதில் இப்படி இருந்தது: 'மேற்படி பாகம் இல்லாமலே விமானம் பறக்கும். ஆராய்ந்து பார்த்ததில், ஆரம்பத்திலிருந்தே பறந்திருக்கும் என்றும் தெரியவருகிறது.' கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் நம்பர் சார் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்து நான்கு வருஷத்தை ஒரே கோட்டில் அடிக்கும் அந்தக் காகிதத்தில் அவர் படிக்காமலே போட்டுக் கொடுத்தார். படித்திருந்தாலும் போட்டிருப்பார்.

வழியனுப்பு விழாவில் பொது மேலாளர் எழுந்தார். இவர் புதியவர். பேச்சை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"நண்பர்களே! இவர் போனால் இந்த நிறுவனம் நின்றுவிடும் என்பதால்தான் பத்து மாதமாக இவரை நாங்கள் விடவில்லை. இவர் இல்லாவிட்டால் எதுவுமே நிற்காது என்று தெரிந்ததால்தான் இன்று விடுகிறோம். இரண்டு முடிவுகளையும் எடுத்தவன் நான். இரண்டிலும் எனக்குப் பெருமைதான். இவருக்காக இந்தப் பத்து மாதத்தில் பதினான்கு கூட்டங்கள் நடத்தினோம். ஒரு தனிமனிதர்மேல் இவ்வளவு அக்கறை காட்டும் நிறுவனம் வேறு எங்கே இருக்கிறது? இது ஒரு குடும்பம். குடும்பத்தில் ஒருவரை இழப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இப்போது இவருக்கும் புரிந்திருக்கும்."

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. நம்பர் சாரும் தட்டினார். உதவியாளர் மட்டும் நடுங்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். விடுவிப்பு ஆணையையும் கையளவு விமான பொம்மை ஒன்றையும் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

வீட்டு மணியை அடித்ததும் மச்சினி வந்து கதவைத் திறந்தாள். "முடிஞ்சுதா அத்தான்?"

"முடிஞ்சுது. இனிமே போக வேண்டாம்."

அவள் விலகி வழிவிட்டாள். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வாங்க சார். உக்காருங்க. அவர் இன்னும் வரலையே."

முப்பத்தோரு வருஷமாக அவரை 'ஏங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் பொம்மையைப் பார்த்தாள். "நீங்க அவர் ஆபீஸா?"

"ஆமாம்மா."

"பெரிய ஆபீசரா?"

"இல்லம்மா. சாதாரண ஆள்தான்."

"பரவாயில்லை. எனக்கு ஒரு உதவி பண்ணணும் சார்." நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்கைக்குக் கேட்காத மாதிரி மெதுவாகப் பேசினாள். "அவர் ஆறு மாசம் கேட்டிருக்காரு. விட மாட்டேங்கறாங்களாம். அவர் நல்லவரு, அதட்டிக் கேக்கத் தெரியாது. நீங்க எடுத்துச் சொல்லுங்க. எனக்கு எல்லாம் மறந்துக்கிட்டே வருது சார். அவர் முகம் மறக்கறதுக்குள்ள அனுப்பிடச் சொல்லுங்க."

"சொல்றேம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நீங்க எழுதிக்கோங்க."

அவர் பேனாவை எடுத்தார். வேறு காகிதம் இல்லாததால் கையிலிருந்த விடுவிப்பு ஆணையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். தேதியும் போடச் சொன்னாள். போட்டார். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"நாளைக்கு வந்து என்ன ஆச்சுன்னு சொல்லுவீங்களா?"

"வரேம்மா. தினமும் வரேன்."

"அப்போ சரி," என்று அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பர் சாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளோடு சேர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.